பட்டினியில் பூச்சியின் குடல்: செரிமானச் செல்களையும் நொதிகளையும் சேர்த்து அளப்பது எப்படி?

பூச்சியைப் பட்டினி போட்டு, நடுக்குடலை எடுத்து, புரதத்தை உடைக்கும் டிரிப்சினையோ மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸையோ அளந்தால் ஓர் எண் கிடைக்கும். பெரும்பாலும் அது குறைந்திருக்கும். "பட்டினியில் செரிமான நொதி குறைகிறது" என்று எழுதி அங்கேயே வேலையை முடித்துக்கொள்ளும் புதியவர்களை ஆய்வகத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். நொதி ஏன் குறைந்தது என்பது அந்த ஓர் எண்ணில் தெரியாது. செல்கள் இறந்து எண்ணிக்கை குறைந்திருக்கலாம். செல்கள் அப்படியே இருக்க, ஒவ்வொன்றும் குறைவாகச் சுரந்திருக்கலாம். ஏற்கெனவே சுரந்து குடலுக்குள் உணவோடு கலந்திருந்த நொதி, கழிவோடு வெளியேறியிருக்கலாம்.

இந்த மூன்றையும் பிரித்தறிய, செல்லையும் நொதியையும் ஒரே தொகுதிப் பூச்சிகளில் அளக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசை அதற்காகவே அமைந்தது. அமெரிக்கக் கரப்பானை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். வேறு பூச்சிகளில் மாற்ற வேண்டியவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

அறுக்கத் தொடங்கிய பின் எதையும் தேடிப் போக நேரம் இருக்காது. குடல் தன் நொதிகளாலேயே தன்னைச் செரித்துக்கொள்ளும் உறுப்பு. சில நிமிடத் தாமதத்திலேயே செல்கள் சிதையத் தொடங்கிவிடும்.

அறுக்கும் மேசையில்: உருப்பெருக்கி நுண்ணோக்கி, மெழுகுத் தட்டு, நுண்ணூசிகள், கூர்மையான இரண்டு இடுக்கிகள், சிறு கத்தரி, பனிக்கட்டிப் பெட்டி, 0.9 சதவீத உப்புக் கரைசல் (பனியில் வைத்தது), எடை போட்டு எண்ணிட்ட சிறு குழாய்கள்.

நொதி வேலைக்கு: புரத அளவீட்டுக் கரைசல், தேர்ந்தெடுத்த நொதி உடைக்கும் வினைப்பொருள், அமில-கார நிலையை மாறாமல் வைத்திருக்கும் பொருத்தமான தாங்கல் கரைசல்கள், குளிரூட்டும் மையவிலக்குக் கருவி, ஒளி உறிஞ்சல் மானி.

திசு வேலைக்கு: செல்களைச் சிதையாமல் நிலைநிறுத்தும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு அல்லது போயின் கரைசல். போயினில் பிக்ரிக் அமிலம் இருக்கிறது. அது முழுதாக உலர்ந்தால் வெடிக்கும் தன்மை கொண்டது. எனவே புட்டியின் வாய்ப்பகுதியில் படிகம் சேரவிடாமல் ஈரமாகவே பராமரியுங்கள். இரண்டு கரைசல்களையும் புகைபோக்கி அறைக்குள் மட்டுமே திறக்க வேண்டும்.

தரவுத் தாளையும் முன்கூட்டியே வரைந்துவிடுங்கள். பூச்சி எண், உடல் எடை, பாலினம், குடல் எடை, அறுத்த நேரம், உறையவைத்த நேரம் என்ற ஆறு கட்டங்களாவது அதில் இருக்க வேண்டும். பின்னால் ஒரு மதிப்பு விலகி நிற்கும்போது காரணத்தைத் தேட இந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

2. வயதை ஒன்றாக்குங்கள்

புழுவோ இளரியோ (சிறகு வளராத இளம் பூச்சி) தோலுரிக்கும் முன் தானாகவே உண்பதை நிறுத்திவிடும். அந்த நேரத்தில் நடுக்குடலில் புதிய செல்கள் உருவாகி, பழையவற்றோடு இடம் மாறும். அதாவது தோலுரிப்பை நெருங்கிய புழு, நீங்கள் உணவை எடுக்காமலேயே பாதி பட்டினியில் இருக்கிறது. அதன் செல் மாற்றமும் பட்டினியால் வந்ததன்று. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது.

ஆகவே ஒரே நாளில் தோலுரித்தவற்றைத் தனியே எடுத்து, ஒரு நாள் நன்றாக உண்ணவிட்டு, அதன் பிறகு சோதனைக்குள் கொண்டுவாருங்கள். அந்துப்பூச்சிப் புழுக்களில் தலைக்கவசம் முன்னோக்கி நழுவியிருந்தால் அது தோலுரிப்புக்குத் தயாராகிறது என்று பொருள். அதை ஒதுக்கிவிடுங்கள்.

முதிர்ந்த கரப்பானில் இந்தச் சிக்கல் இல்லை. புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுவே. ஆனால் ஒரே பாலினத்தையே எடுங்கள். பெண் பூச்சி முட்டைக்கூடு உருவாக்கும் சுழற்சியோடு அது உண்ணும் அளவும் ஏறி இறங்கும். தொடக்கத்தில் ஆண் பூச்சிகளோடு வேலை செய்வது எளிது.

3. பட்டினி உண்மையிலேயே பட்டினியாக இருக்கட்டும்

மிக அதிகமான தவறுகள் நடக்கும் படி இதுதான்.

முதலில் தண்ணீர். உணவை எடுக்கும்போது தண்ணீரையும் எடுத்துவிட்டால், நீங்கள் அளப்பது தாகத்தையும் சேர்த்துத்தான். கரப்பானுக்கு நனைத்த பஞ்சு அடைத்த குழாய் போதும். இலையிலிருந்தே நீர் பெறும் புழுக்களுக்கும், பழ ஈக்களுக்கும் சத்தில்லாத 1 சதவீத அகார் துண்டு வையுங்கள்.

அடுத்தது, நீங்கள் உணவென்று நினைக்காத உணவு. கரப்பான் அட்டையையும் காகிதத்தையும் கொறிக்கும், பசையை நக்கும். மறைவிடத்துக்காக முட்டை அட்டையைப் பெட்டியில் விட்டுவைத்து, இரண்டு வாரம் கழித்தும் குடல் நிறைந்திருக்கிறதே என்று குழம்பியவர்களை நான் கண்டிருக்கிறேன். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் குழாயை மறைவிடமாக வையுங்கள்.

கூட்டமாக வைத்த பூச்சிகள் இறந்தவற்றையும், உரித்த தோலையும், எச்சத்தையும், சில வேளைகளில் ஒன்றையொன்றும் தின்னும். மாவுப்புழுவில் இது மிகச் சாதாரணம். எனவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக வையுங்கள். அடியில் வலை போட்டால் எச்சம் கீழே விழுந்து பூச்சியின் வாய்க்கு எட்டாமல் போகும்.

வெப்பநிலை ஒரே அளவில் நிற்க வேண்டும். சூடு கூடினால் வளர்சிதை மாற்றம் வேகமெடுத்து, அதே மூன்று நாள் பட்டினி ஐந்து நாள் பட்டினிக்குச் சமமாகிவிடும். உண்ட குழுவும் பட்டினிக் குழுவும் ஒரே அலமாரியின் ஒரே தட்டில் இருக்கட்டும்.

4. இரண்டு குழுக்கள் போதாது

உண்டவை, உண்ணாதவை என்ற இரண்டு குழுக்களோடு தொடங்குவது வழக்கம். குறைந்தது நான்கு வேண்டும்.

முதலாவது, தொடக்க நாள் குழு. சோதனை தொடங்கும் அன்றே அறுக்கப்படுவது. இது இல்லாவிட்டால், உண்ட குழு வளர்ந்ததால் ஏற்பட்ட வித்தியாசத்தைப் பட்டினிக் குழு தேய்ந்ததாக நினைத்துவிடுவீர்கள். வளரும் புழுக்களில் இந்தப் பிழை பெரிதாக இருக்கும்.

இரண்டாவதும் மூன்றாவதும் நீங்கள் எதிர்பார்ப்பவைதாம்: தொடர்ந்து உண்டது, தொடர்ந்து பட்டினி கிடந்தது.

நான்காவது, பட்டினிக்குப் பிறகு மீண்டும் உண்ட குழு. செல் இறந்ததா, ஓய்வெடுத்ததா என்பதற்கான விடை பெரும்பாலும் இங்கேதான் கிடைக்கிறது. படி 11-இல் விரிவாக வருகிறேன்.

இடமும் பூச்சிகளும் இருந்தால் ஐந்தாவதாகச் சத்தற்ற உணவு கொடுத்த குழுவையும் சேருங்கள். குடல் நிறைந்து விரிவதே சில பூச்சிகளில் சுரப்பைத் தூண்டும். உணவிலுள்ள புரதமோ மாவுச்சத்தோ நேரடியாகத் தூண்டுவது வேறொரு வழி. வயிறு நிறைந்தும் சத்துக் கிடைக்காத பூச்சி இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும். இதற்குச் செல்லுலோஸ் தூளை எடுக்காதீர்கள். கரப்பானுக்குச் செல்லுலோஸை உடைக்கும் சொந்த நொதிகள் உண்டு. அகார் பாதுகாப்பானது.

5. எத்தனை நாள் என்பதைப் பூச்சியே சொல்லட்டும்

"மூன்று நாள் பட்டினி" என்று யாரோ எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அகாரில் விட்ட பழ ஈக்குச் சில நாட்களே ஆயுள். தண்ணீர் இருந்தால் கரப்பான் பல வாரம் தாங்கும். ஒன்றுக்கு மரணத்தின் விளிம்பு, மற்றொன்றுக்குச் சற்றே தாமதமான சாப்பாடு.

முதலில் ஒரு சிறு முன்னோட்டம் நடத்துங்கள். இருபது, முப்பது பூச்சிகளைத் தண்ணீரோடு மட்டும் விட்டு, பாதி இறக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் பத்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு, பாதி என மூன்று புள்ளிகளில் அறுக்கலாம். பாதிக்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு உயிரோடு இருப்பவை வலுவானவை மட்டுமே. அவற்றின் குடல் மற்றவற்றின் கதையைச் சொல்லாது.

இன்னொரு சிறு முன்னோட்டமும் அவசியம். உணவில் நிறம் கலந்து கொடுத்து, உணவை எடுத்த பின் நிறம் குடலைவிட்டு எப்போது முழுதாக வெளியேறுகிறது என்று பாருங்கள். கரப்பானின் தீனிப்பை ஒரு சேமிப்புக் கிடங்கு. நீங்கள் தட்டை எடுத்த பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாக நடுக்குடலுக்கு உணவை அனுப்பிக்கொண்டே இருக்கும். நடுக்குடலின் பட்டினி, தீனிப்பை காலியான பின்னரே தொடங்குகிறது.

6. அறுத்துக் குடலைப் பிரிப்பது

பூச்சியைப் பனியில் வைத்து மயக்குங்கள். அசைவு நின்றதும் சிறகுகளை நீக்கி, முதுகுப்புறத் தட்டுகளின் இரு பக்க ஓரங்களையும் வெட்டி, தட்டைத் தூக்குங்கள். குளிர்ந்த உப்புக் கரைசலில் மூழ்கிய நிலையிலேயே வேலை நடக்க வேண்டும்.

கரப்பானில் அடையாளங்கள் தெளிவானவை. தீனிப்பை, அதற்குப் பின்னால் அரைவைப்பை, அதையடுத்து நடுக்குடலின் தொடக்கத்தில் ஒரு முனை மூடிய எட்டுக் குருட்டுப் பைகள். நடுக்குடல் முடிந்து பின்குடல் தொடங்கும் இடத்தில் நூல் நூலாக, கழிவை அகற்றும் மால்பீஜியன் குழாய்கள். குருட்டுப் பைகளுக்கும் மால்பீஜியன் குழாய்களுக்கும் இடைப்பட்டதும், அந்தப் பைகளும்தான் உங்களுக்கு வேண்டியது. முன்குடலும் பின்குடலும் உட்புறம் கியூட்டிக்கிள் (பூச்சியின் வெளித்தோலில் உள்ளது போன்ற உறை) பூசியவை. செரிமான நொதியைச் சுரக்கும் குடல் செல்கள் நடுக்குடலில் இருக்கின்றன.

பட்டினிக் குடல் மெலிந்து, நிறமற்றுக் கண்ணாடி போல இருக்கும். உண்ட குடலை இழுக்கும் வேகத்தில் இதை இழுத்தால் அறுந்துவிடும். ஒட்டியிருக்கும் கொழுப்புத் திசுவையும் மூச்சுக்குழல்களையும் கவனமாக நீக்குங்கள். உண்ட பூச்சியில் கொழுப்புத் திசு அதிகம், பட்டினிப் பூச்சியில் குறைவு. சரியாக நீக்காவிட்டால் உண்ட குழுவின் புரத அளவு மட்டும் பொய்யாக ஏறும்.

இப்போது முக்கியமான செயல். நடுக்குடலை இரு முனைகளிலும் வெட்டி, அளந்த அளவு குளிர்ந்த கரைசலால் உள்ளிருப்பதை ஒரு குழாயில் கழுவி எடுங்கள். கழுவிய சுவரை இன்னொரு குழாயில் போடுங்கள். உள்ளடக்கம் ஒன்று, திசு ஒன்று. இரண்டையும் சேர்த்து அரைத்துவிட்டால், "செல் சுரக்கவில்லை" என்பதற்கும் "சுரந்தது வெளியேறிவிட்டது" என்பதற்கும் வித்தியாசம் தெரியாமல் போகும்.

கரப்பானில் உமிழ்நீர் அமைலேஸும், நடுக்குடலிலிருந்து முன்னோக்கி வரும் நொதிகளும் தீனிப்பையில் சேர்கின்றன. அதனால் தீனிப்பை நீரையும் மூன்றாவது குழாயில் எடுத்துவையுங்கள். அளக்காவிட்டாலும் உறையவைத்திருந்தால் பின்னால் உதவும்.

ஒரு பூச்சிக்கு மூன்று நிமிடத்துக்குள் முடித்து, உடனே உறையவையுங்கள். ஒரு நாளில் எல்லா உண்டவற்றையும், மறுநாள் எல்லாப் பட்டினிக்காரர்களையும் அறுக்கும் தவறைச் செய்யாதீர்கள். மாற்றி மாற்றி அறுங்கள். கை பழகப் பழக வேகமும் சுத்தமும் மாறுகின்றன. அந்த மாற்றம் ஒரு குழுவின் பக்கம் மட்டும் சாய்ந்துவிடக் கூடாது.

7. சாறெடுப்பது

குடலைக் குளிர்ந்த நீரிலோ நீர்த்த தாங்கல் கரைசலிலோ அரைத்து, 4 டிகிரி செல்சியஸில் 10,000 ஜி மையவிலக்கு விசையில் பத்து நிமிடம் சுழற்றி, மேல்நீரை எடுங்கள். கீழே படிந்ததை எறியாதீர்கள். அமினோபெப்டிடேஸ் போன்ற நொதிகள், செல்லின் மேல்முனையில் விரல் போல நீண்டிருக்கும் நுண்விரல்களின் சவ்வோடு ஒட்டியிருப்பவை. அவற்றை வெளிக்கொண்டுவர டிரைட்டன் போன்ற சவ்வுகரைப்பான் வேண்டும்.

புரதம் எடுக்கும் வழக்கமான செய்முறையைப் பின்பற்றுபவர்கள், கை போன போக்கில் புரதச்சிதைவுத் தடுப்பானைச் சேர்த்துவிடுகிறார்கள். நீங்கள் அளக்கப்போவதே புரதத்தைச் சிதைக்கும் நொதியைத்தான். தடுப்பான் சேர்த்த சாறு அதற்குப் பயன்படாது.

புரதத்தை அளக்கும் பிராட்ஃபோர்டு முறையின் நிறத்தை டிரைட்டன் கெடுக்கும். அப்படிப்பட்ட மாதிரிகளுக்கு பிசிஏ என்ற இன்னொரு புரத அளவீட்டு முறை நல்லது. ஆனால் பிசிஏ முறையைச் சிஸ்டீன், டிடிடி போன்ற ஒடுக்கிகள் (எலக்ட்ரான் கொடுக்கும் பொருள்கள்) கெடுக்கும். ஆகவே ஒடுக்கியைச் சாற்றில் கலக்காமல், நொதி அளவீட்டுக் கலவையில் மட்டும் சேருங்கள்.

8. நொதியை அளப்பது

முதலில் பிஹெச், அதாவது அமில-கார நிலை. பாலூட்டிகளின் டிரிப்சினுக்கு எழுதிய செய்முறையைப் பூச்சிக்கு அப்படியே போட்டால் ஏமாற்றமே மிஞ்சும். அந்துப்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் கடும் காரமானது. பிஹெச் 10-ஐத் தாண்டுவது உண்டு. அவற்றின் டிரிப்சினைக் கிளைசின் போன்ற காரத் தாங்கலில் அளக்க வேண்டும். பல வண்டுகளும் நாவாய்ப்பூச்சிகளும் சிஸ்டீன் வகைப் புரதச்சிதைப்பான்களை நம்பியிருப்பவை. அவற்றுக்கு பிஹெச் 5 முதல் 6, கூடவே ஒடுக்கி. எந்த நொதியைத் தேர்ந்தெடுத்தாலும், உண்ட பூச்சியின் சாற்றில் பிஹெச் வரிசை ஒன்றை ஓட்டி உச்சத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் ஒப்பீட்டுக்கு வர வேண்டும்.

டிரிப்சினுக்குப் பிஏபிஎன்ஏ என்ற வினைப்பொருள் வசதியானது. முதலில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, பிறகு தாங்கலில் சேருங்கள். நேராக நீரில் போட்டால் கரையாது. விடுபடும் மஞ்சள் நிறப் பாரா நைட்ரோஅனிலினை 410 நானோமீட்டரில் படிக்கலாம். 1 சென்டிமீட்டர் ஒளிப்பாதைக்கு அதன் மோலார் உறிஞ்சல் எண் 8,800. நுண்தட்டில் ஒளிப்பாதை 1 சென்டிமீட்டர் இருக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. மொத்தப் புரதச்சிதைவுக்கு நிறமேற்றிய பால்புரதமான அசோகேசின், அமைலேஸுக்கு மாவுச்சத்தும், சர்க்கரையோடு வினைபுரிந்து நிறம் மாறும் டிஎன்எஸ் கரைசலும் (540 நானோமீட்டர்).

இங்கே ஒவ்வொரு மாதிரிக்கும் தனிப் பூஜ்யம் (நொதி வினை நடக்காத ஒப்பீட்டுக் குழாய்) வைப்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். டிஎன்எஸ் முறை அமைலேஸை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒடுக்கும் சர்க்கரையைப் பார்க்கிறது. உண்ட பூச்சியின் குடலில் சர்க்கரை ஏற்கெனவே கிடக்கிறது, பட்டினிப் பூச்சியின் குடலில் இல்லை. பொதுவான ஒரே பூஜ்யத்தைக் கழித்தால், உண்ட குழுவின் அமைலேஸ் பொய்யாக உயர்ந்து தெரியும். இலை தின்னும் புழுக்களில் பச்சையமும் இதே வேலையைச் செய்யும். எனவே ஒவ்வொரு சாற்றுக்கும் இணையாக ஒரு குழாயில், வினையை நிறுத்தும் கரைசலை முதலில் ஊற்றி, அதன்பின் சாற்றைச் சேர்த்துப் படியுங்கள்.

உணவிலிருந்தே வரும் நொதிகளும் உண்டு. கோதுமை மாவில் அமைலேஸ் இருக்கிறது. அதே கோதுமையில் மாவுப்புழுவின் அமைலேஸைத் தடுக்கும் புரதங்களும் இருக்கின்றன. உணவை எடுத்ததும் தடுப்பான் விலகி, நொதிச் செயல்பாடு உயர்ந்ததாகத் தோன்ற இடமுண்டு. உணவைத் தனியே அரைத்து அளந்து பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும். உண்ட குடலின் சாற்றையும் உணவின் சாற்றையும் கலந்து, கலவையின் செயல்பாடு இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

கடைசியாக, நேர்கோட்டு எல்லை. உண்ட குடல் சாற்றை நூறு மடங்கு நீர்க்க வேண்டியிருந்தால், பட்டினிச் சாற்றுக்கும் அதே நூறு மடங்கு போடாதீர்கள். கருவியின் அடிமட்டத்துக்குக் கீழே போய் "நொதியே இல்லை" என்ற தவறான முடிவு வரும். இரண்டுக்கும் தனித்தனியாக நீர்த்தலைக் கண்டுபிடித்து, நேரத்தோடு நிறம் நேர்கோட்டில் ஏறும் பகுதியில் மட்டும் கணக்கிடுங்கள்.

9. எதனால் வகுக்கிறீர்கள்?

இந்தப் படிக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றே சொல்லலாம்.

வழக்கமாக நொதிச் செயல்பாட்டை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இத்தனை அலகு என்று எழுதுவோம். பட்டினியில் இது தடுமாறவைக்கும் அளவுகோல். ஏனென்றால் பட்டினி, குடலின் புரதத்தையே குறைக்கிறது.

கற்பனையான ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உண்ட குடலில் மொத்தம் 10 அலகு நொதி, 2 மில்லிகிராம் புரதம். வகுத்தால் 5. பட்டினிக் குடலில் மொத்தம் 4 அலகு, 0.5 மில்லிகிராம் புரதம். வகுத்தால் 8. குடலில் இருக்கும் நொதி பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் வகுத்த எண் ஏறியிருக்கிறது. முதலாமவர் "பட்டினியில் நொதி உயர்கிறது" என்று எழுதுவார், இரண்டாமவர் "வீழ்கிறது" என்பார். இருவர் கையிலும் இருப்பது ஒரே தரவு. செரிமானத்துக்குப் பயன்படாத புரதம் முதலில் கரைந்துபோயிருக்கிறது என்பதுதான் அந்த எண்கள் உண்மையில் சொல்வது.

எனவே எப்போதும் மூன்று வகையாக எழுதுங்கள்: ஒரு குடலுக்கு எத்தனை அலகு, ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு எத்தனை, ஒரு செல்லுக்கு எத்தனை. முதலாவது பூச்சியின் செரிமானத் திறன். இரண்டாவது, மற்றப் புரதங்களோடு ஒப்பிட்டால் நொதிக்குக் கிடைக்கும் இடம். மூன்றாவதுதான் செல்லின் நிலைமை.

மூன்றாவதற்கு டிஎன்ஏ அளவைச் செல் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளும் குறுக்குவழி ஒன்று உண்டு. பழ ஈ போன்றவற்றில் முதிர்ந்த குடல் செல்கள் தம் டிஎன்ஏவைப் பலமுறை பெருக்கிக்கொண்டவை. ஒரு செல்லுக்கு எவ்வளவு டிஎன்ஏ என்பது நிலையானதன்று. உட்கருக்களை எண்ணுவதே நம்பகமானது. அடுத்த படி அதற்குத்தான்.

10. செல்களைப் பார்ப்பது

நொதிக்கு எடுத்த அதே நாளில், அதே குழுவிலிருந்து சில பூச்சிகளைத் திசுவுக்காக ஒதுக்குங்கள். குடலை எடுத்தவுடன் நிலைநிறுத்தும் கரைசலில் போடுங்கள். தடித்த குடலாக இருந்தால் ஒரு முனை வழியாகக் கரைசலை மெல்ல உள்ளே செலுத்துங்கள். வெளியிலிருந்து ஊறி உள்ளே போவதற்குள் உட்புறச் செல்கள் சிதைந்துவிடும். அப்படிச் சிதைந்ததைப் பட்டினிச் சேதம் என்று படமெடுத்தவர்கள் உண்டு. உண்ட குழுவிலும் அதே சிதைவு தெரிந்தால் பிழை உங்கள் தாமதத்தில்தான்.

டிஎன்ஏ துண்டாவதைக் காட்டும் டியூனல் சோதனை செய்வதாக இருந்தால் போயினைத் தவிர்த்துப் பாராஃபார்மால்டிஹைடையே எடுங்கள். வழக்கமான உருவ அமைப்புக்கு எது வேண்டுமானாலும் சரி. 5 மைக்ரோமீட்டர் தடிப்பில் வெட்டி, ஹெமடாக்சிலின்-இயோசின் நிறமேற்றுங்கள். கிளைகோஜனையும், நுண்விரல்கள் அடர்ந்த தூரிகை விளிம்பையும், சர்க்கரைச் சேர்மங்களில் ஏறும் பிஏஎஸ் நிறம் நன்றாகக் காட்டும்.

என்ன தேட வேண்டும்? நடுக்குடலின் பெரும்பகுதி தூண் வடிவச் செல்கள். அவையே நொதியைச் சுரப்பவை, செரித்ததை உறிஞ்சுபவையும் அவையே. அவற்றின் அடியில் புதிய செல்களை உருவாக்கும் குருத்தணுக்கள். கரப்பானில் இவை கொத்துக் கொத்தாகக் கூடு கட்டியதுபோல் இருக்கும். அந்துப்பூச்சிப் புழுக்களில் கூடுதலாகக் கோப்பை வடிவச் செல்கள். இவற்றோடு ஆங்காங்கே ஹார்மோன் சுரக்கும் செல்கள்.

பட்டினியில் தூண் செல்களின் கிளைகோஜனும் கொழுப்புத் துளிகளும் குறையும். சைட்டோபிளாசத்தில் வெற்றிடங்கள் தோன்றும். செல் தன் உறுப்புகளையே எரிபொருளாக்கும் தன்னுண்ணல் அது. மின்னணு நுண்ணோக்கி கிடைத்தால், நொதிப் புரதத்தைத் தயாரிக்கும் சொரசொரப்பான எண்டோபிளாச வலை தளர்ந்து குறைவதையும் பார்க்கலாம். பட்டினி நீண்டால் உட்கரு சுருங்கி அடர்ந்த செல்கள் கூடும். அமெரிக்கக் கரப்பானின் நடுக்குடலில் பட்டினி இத்தகைய திட்டமிட்ட செல் இறப்பைத் தூண்டுவது 2009-இல் வெளியான ஆய்வொன்றில் பதிவாகியிருக்கிறது.

இனி, நான் அடிக்கடி திருத்தும் மூன்று பிழைகள்.

செல்லின் உயரத்தை மட்டும் அளப்பது. நிறைந்த குடல் சுவரை இழுத்து விரிக்கிறது, செல்கள் தட்டையாகின்றன. காலிக் குடல் சுருங்கி மடிகிறது, செல்கள் நெருக்கிக்கொண்டு உயரமாகின்றன. மெலிந்துபோன செல்லும் இந்த நெருக்கத்தால் உயரமாகத் தெரியும். குறுக்குவெட்டின் முழு வட்டத்திலும் உள்ள உட்கருக்களை எண்ணுங்கள். அந்த எண்ணிக்கை, வட்டம் விரிவதாலும் சுருங்குவதாலும் மாறாது. குடல் நீளவாக்கிலும் சுருங்கும் என்பதால் நடுக்குடலின் நீளத்தையும் அளந்து, இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

வேறு வேறு பகுதிகளை ஒப்பிடுவது. நடுக்குடலின் முன், நடு, பின் பகுதிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. உண்ட பூச்சியின் முன்பகுதியையும் பட்டினிப் பூச்சியின் பின்பகுதியையும் பக்கத்தில் வைத்தால் பட்டினியே இல்லாமல் பெரிய வித்தியாசம் கிடைக்கும். நீளத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித் துண்டாகப் பதியுங்கள்.

சுரப்பைச் சேதமென்று படிப்பது. செல்லின் மேல்முனையிலிருந்து குமிழிகள் பிதுங்கிக் குடலுக்குள் விழுவது உண்ட பூச்சியிலும் நடக்கிறது. சில பூச்சிகள் இப்படித்தான் நொதியை வெளியேற்றுகின்றன. உட்கரு சுருங்கியிருக்கிறதா, டியூனல் நிறம் ஏறுகிறதா என்று உறுதிசெய்யாமல் அதை இறப்பு என்று எண்ணாதீர்கள்.

எண்ணுபவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக் கூடாது. திசுத் துண்டுகள் ஒட்டிய கண்ணாடித் தகடுகளின் பெயர்களை இன்னொருவர் மறைத்துக் கொடுக்கட்டும்.

11. மீண்டும் உணவு கொடுத்துப் பார்ப்பது

பட்டினிக் குழுவின் ஒரு பகுதிக்கு உணவைத் திருப்பிக் கொடுத்து, 3, 6, 24 மணி நேரத்திலும், பிறகு 2, 4 நாட்களிலும் அறுங்கள். உண்டதா என்பதை நிறம் கலந்த உணவால் உறுதிசெய்யுங்கள். உண்ணாததைக் கணக்கில் சேர்த்தால் சராசரி கெட்டுவிடும்.

சில மணி நேரத்திலேயே நொதி பழைய நிலைக்கு ஏறினால், சுரக்கும் இயந்திரம் அப்படியே இருந்து காத்திருந்தது என்று பொருள். புதிய செல் உருவாகி முதிர அவ்வளவு நேரம் போதாது. நாட்கணக்கில் எடுத்து, அதற்கு முன் குருத்தணுக்களின் பிரிதல் கூடியிருந்தால், இழந்த செல்களை ஈடுசெய்த பிறகுதான் நொதி திரும்பியது. பிரிதலைப் பார்க்க, பிரியும் செல்களை அடையாளம் காட்டும் பாஸ்போ ஹிஸ்டோன் 3 நிறமேற்றம் உதவும். முதிர்ந்த பழ ஈயில், உணவு கிடைத்ததும் குடல் தசையிலிருந்து இன்சுலின் போன்ற பெப்டைடு கிடைத்து, குருத்தணுக்கள் பெருகிக் குடலே பெரிதாவதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே குடலின் அளவு உணவோடு ஏறி இறங்கும் ஒன்று.

இரத்தம் குடிக்கும் பூச்சிகளில் இந்தப் படியைத் தலைகீழாக யோசிக்க வேண்டும். அவற்றுக்கு வெறும் வயிறே வழக்கமான நிலை. ஏடிஸ் ஈஜிப்தி கொசுவில் பிந்தைய டிரிப்சின் இரத்தம் குடித்த பின்னரே உருவாகி, ஏறக்குறைய ஒரு நாளில் உச்சத்துக்குப் போகிறது. முந்தைய டிரிப்சினுக்கான ஆர்என்ஏ மட்டும் குடிக்கும் முன்பே தயாராக இருந்து, இரத்தம் வந்ததும் புரதமாகிறது. தொழுவ ஈயோ டிரிப்சினின் முன்வடிவத்தையே துகள்களாகச் செல்லுக்குள் சேமித்துக் காத்திருக்கிறது. இப்படிப்பட்ட பூச்சியில் ஆர்என்ஏவை மட்டும் அளந்து நொதியைப் பற்றிப் பேசுவது ஆபத்தானது. மற்றப் பூச்சிகளிலும், ஆர்என்ஏ அளப்பதானால் ஒப்பீட்டுக்கு வைக்கும் மரபணு பட்டினியில் மாறாமல் நிற்கிறதா என்று முதலில் சோதியுங்கள். வழக்கமாக அதற்கு எடுக்கும் ஆக்டின் மரபணுவை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

12. எண்களைப் படிப்பது

இப்போது மூன்று தாள்கள் உங்கள் முன் இருக்கும்: உள்ளடக்கத்தின் நொதி, திசுவின் நொதி, உட்கருக்களின் எண்ணிக்கை.

உள்ளடக்கத்தில் மட்டும் வீழ்ச்சி, மற்ற இரண்டிலும் மாற்றமில்லை என்றால், நொதி கழிவோடு போயிருக்கிறது அல்லது புதிதாக வெளியேற்றப்படவில்லை. செல் நலமாக இருக்கிறது. பல பூச்சிகள் குடலுக்குள் நீரோட்டத்தைப் பின்னிருந்து முன்னாகச் செலுத்தி நொதியை மீட்டுக்கொள்கின்றன. பட்டினியில் அந்த ஓட்டம் தளர்ந்தாலும் இதே படம் கிடைக்கும். எச்சத்தைச் சேகரித்து அளந்தால் எவ்வளவு நொதி வெளியே போகிறது என்பது தெரியும்.

உள்ளடக்கமும் திசுவும் வீழ்ந்து, உட்கருக்கள் குறையவில்லை என்றால், ஒவ்வொரு செல்லும் தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கிறது. தன்னுண்ணல் அடையாளங்கள் அங்கே கிடைக்க வேண்டும்.

மூன்றும் ஒரே விகிதத்தில் வீழ்ந்தால் செல் இழப்பு. நொதி, உட்கருக்களைவிட வேகமாக வீழ்ந்தால் இரண்டும் சேர்ந்து நடக்கிறது. நீண்ட பட்டினியில் நான் அதிகம் சந்திப்பது இந்தக் கடைசி வகையையே. நாட்களின் வரிசையில் பார்த்தால் முதலில் சுரப்புக் குறைந்து, பிறகுதான் செல் எண்ணிக்கை சரிவது தெரியவரும். படி 5-இல் மூன்று புள்ளிகள் வேண்டும் என்று கேட்டதற்கு அதுவே காரணம்.

புள்ளியியலில் ஒன்றை மட்டும் காத்துக்கொள்ளுங்கள். பூச்சிகளைத் தனியாக வைத்திருந்தால் ஒரு பூச்சி ஒரு மாதிரி. பத்துப் பூச்சிகளை ஒரே பெட்டியில் வைத்திருந்தால் அந்தப் பெட்டிதான் ஒரு மாதிரி. ஒரே சாற்றை மூன்று முறை படித்ததை மூன்று மாதிரி என்று எண்ண முடியாது. இடையில் இறந்த பூச்சிகளின் எண்ணிக்கையையும், அவை எந்த நாளில் இறந்தன என்பதையும் முடிவுகளோடு சேர்த்தே எழுதுங்கள்.

சாறுகளின் மீதியைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைத்தால் நொதிச் செயல்பாடு ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே போகும். அடுத்த மாதம் சரிபார்க்கும்போது கிடைக்கும் வீழ்ச்சி, பட்டினியால் வந்ததாகத் தோன்றும்.